கொலைக் கணக்கும் காவல் முறையும்: நாடுகளை ஒப்பிடும்போது எதைப் பார்ப்பது?

ராமநாதபுரம் மாவட்டக் கரையில் கீழக்கரை, தொண்டி, பனைக்குளம், தேவிபட்டினம் பக்கம் வெளிநாட்டில் ஆள் இல்லாத வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும். சவுதி, துபாய், சிங்கப்பூர், மலேசியா என்று யாராவது ஒருவர் இருப்பார். மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் இருப்பவர்களுக்கு மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் உறவு உண்டு. அதனால் ஊரில் ஒரு வெட்டுக்குத்து நடந்துவிட்டால் பேச்சு தானாக வெளிநாட்டுக்குப் போய்விடுகிறது. ‘சிங்கப்பூர்ல இப்படி நடக்குமா?’ ‘சவுதின்னா தலையை எடுத்திருப்பான்.’ கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் சுற்றும். நாடுகளின் பெயர், பக்கத்தில் குற்ற விகிதம், கடைசி வரியில் ‘நம்ம போலீஸுக்கும் முழு அதிகாரம் கொடுங்க’ என்று ஒரு கோரிக்கை.

அந்தப் பட்டியலை நம்புவதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிய வேண்டும். எல்லா நாடும் ஒரே பொருளைத்தான் எண்ணுகிறதா? எண் குறைந்திருந்தால் அதற்குக் காரணம் போலீஸ்தானா? முதல் கேள்வியை நன்றாகப் பிரித்துப் பார்த்தால் இரண்டாவதில் பாதி தெளிந்துவிடும்.

விகிதம் என்றால் என்ன?

ஓராண்டில் ஒரு லட்சம் பேருக்கு எத்தனை பேர் கொல்லப்பட்டார்கள் என்பதுதான் கொலை விகிதம். ராமநாதபுரம் மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 13,53,445. ஓராண்டில் 27 கொலை நடந்தது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். விகிதம் 2.

இந்த அளவுகோலில் உலகம் எப்படி இருக்கிறது? ஐ.நா.வின் போதைப்பொருள், குற்றத் தடுப்பு அலுவலகக் கணக்குப்படி 2021ல் உலகம் முழுக்கக் கொல்லப்பட்டவர்கள் சுமார் 4,58,000 பேர். விகிதம் 5.8. அமெரிக்கக் கண்டங்கள் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 15ஐ ஒட்டி வரும். ஆசியாவும் ஐரோப்பாவும் இரண்டு சொச்சம். அமெரிக்க நாடு மட்டும் தனியாக 6ஐ ஒட்டி, சில ஆண்டுகளில் அதற்கு மேல். இங்கிலாந்து 1. ஜப்பான் 0.2, 0.3. சிங்கப்பூரும் அதே மாதிரிதான். இந்தியாவில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2022ல் பதிவு செய்த கொலை வழக்குகள் 28,522, விகிதம் 2.1. இலங்கை அண்மை ஆண்டுகளில் இரண்டுக்கும் நான்குக்கும் நடுவில் நிற்கிறது.

மக்கள்தொகை சிறிதாக இருந்தால் இந்த விகிதம் எளிதில் ஏமாற்றிவிடும். ராமேஸ்வரம் நகரத்தின் மக்கள்தொகை 2011ல் 44,856. அங்கே ஒரு குடும்பத் தகராறில் மூன்று பேர் கொல்லப்பட்டால் அந்த ஆண்டு விகிதம் 6.7க்குப் போய்விடும். உலக சராசரியைத் தாண்டிவிட்டது என்று செய்தி போடலாம். அடுத்த ஆண்டு எதுவும் நடக்காவிட்டால் பூஜ்யம். ‘புதிய அதிகாரி வந்தார், கொலையே இல்லை’ என்றும் போடலாம். இரண்டுமே அர்த்தமில்லாத செய்தி. நாட்டு அளவிலும் இது நடக்கும். 2019 ஏப்ரல் 21ல் இலங்கையில் ஈஸ்டர் குண்டுவெடிப்புகளில் 260க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். சுமார் 2.2 கோடிப் பேர் வாழும் நாட்டில் அந்த ஒரு நாள் மட்டுமே ஆண்டு விகிதத்தில் 1.2 கூட்டும். ஓர் ஆண்டின் எண்ணை மட்டும் காட்டி யாராவது பேசினால் அதற்கு முந்தைய ஐந்தாறு ஆண்டு எண்களையும் கேட்பதுதான் முறை.

மொத்தக் குற்றத்தை ஏன் ஒப்பிடவே கூடாது?

நம் கரைக்கு நேர் எதிரேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. கடல் அட்டை இந்தியாவில் 2001ல் இருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தடை. மண்டபத்தில் ஒருவர் பதப்படுத்திய கடல் அட்டையோடு பிடிபட்டால் வழக்கு, சிறை. பாக் நீரிணையைத் தாண்டினால் அதே கடல் அட்டைக்கு உரிமம் தருகிறார்கள். பண்ணை வைத்து வளர்க்கிறார்கள், ஏற்றுமதி செய்கிறார்கள். கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி வலையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் விசைப்படகுக்காரர்களின் பிழைப்பு அது. இலங்கை 2017ல் சட்டம் போட்டே தடை செய்துவிட்டது. ஆக, ஒரே கடலில் ஒரே வேலையைச் செய்கிறவர் ஒரு கரையில் தொழிலாளி, மறுகரையில் குற்றவாளி. ‘மொத்தக் குற்றம்’ என்ற தலைப்பில் இரு நாட்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறுபடுவது சட்டப் புத்தகங்கள்தான். மக்களின் குணத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

சரி, வன்முறைக் குற்றத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாமா? அதிலும் இதே சிக்கல்.

1. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. கணக்கில் வன்முறைக் குற்றம் என்பது நான்கு வகை: கொலை, பாலியல் வன்புணர்வு, வழிப்பறி, கடுமையான தாக்குதல். இங்கிலாந்தில் ‘ஆள் மீதான வன்முறை’ என்ற தலைப்புக்குள் காயமே ஏற்படாத அடி, பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது, மிரட்டல் எல்லாம் அடங்கும். இந்த இரண்டு எண்களையும் அப்படியே ஒப்பிட்டு ‘அமெரிக்காவை விட இங்கிலாந்தில் வன்முறை பல மடங்கு’ என்று பல காலம் பேசியிருக்கிறார்கள். கொலை விகிதத்தைப் பார்த்தால் நிலைமை நேர் எதிர்.

2. ஸ்வீடனில் ஒரு பெண், கணவன் தன்னைப் பத்து முறை வன்புணர்ந்தான் என்று புகார் கொடுத்தால் பத்துக் குற்றங்கள் பதிவாகும். புகார் வந்த அன்றே எண்ணிவிடுவார்கள். விசாரணை முடிவுக்குக் காத்திருப்பதில்லை. 2018ல் இருந்து சம்மதம் இல்லாத உறவு எல்லாமே அங்கே வன்புணர்வு. இந்தியச் சட்டத்திலோ சேர்ந்து வாழும் கணவன் மனைவிக்கு இடையில், பதினெட்டு வயதுக்கு மேல், அந்தக் குற்றமே கிடையாது. ஸ்வீடனில் பத்தாக ஏறுவது இங்கே பூஜ்யமாக நிற்கும். ‘ஸ்வீடனைப் பார், நாம் எவ்வளவோ மேல்’ என்று வரும் பதிவுகள் இந்தப் பூஜ்யத்தின் மேல் நின்றுகொண்டுதான் பேசுகின்றன.

3. இந்தியாவில் ஒரே எஃப்.ஐ.ஆரில் கொள்ளை, வன்புணர்வு, கொலை மூன்றும் இருந்தால் ஆவணக் காப்பகம் அதில் மிகக் கொடிய குற்றத்தை மட்டும்தான் எண்ணும். மற்ற இரண்டும் அட்டவணையில் தெரியாது.

கேரளத்தையும் சேர்த்துச் சொல்லிவிடலாம். மொத்த வழக்கு விகிதத்தில் கேரளா பெரும்பாலும் பட்டியலின் மேல்பக்கம் வரும். கொலை விகிதமோ 1க்குக் கீழே. அங்கே புகார் கொடுத்தால் பதிவாகிறது என்பதுதான் இதில் பெரும் பகுதிக் காரணம்.

கொலையை மட்டும் ஏன் நம்பலாம், எந்த அளவுக்கு?

உடல் ஒன்று இருக்கிறது. அதை மறைப்பது கடினம். அதனால்தான் நாடுகளை ஒப்பிடுபவர்கள் எல்லோரும் கொலை எண்ணுக்கே வந்து சேர்கிறார்கள். 2015ல் ஐ.நா. புள்ளியியல் ஆணையம் ஏற்றுக்கொண்ட பொதுவான வகைப்பாட்டில் மூன்று நிபந்தனைகள் உண்டு: ஒருவர் இன்னொருவரின் சாவுக்குக் காரணமாக இருக்க வேண்டும், கொல்லவோ கடுமையாகக் காயப்படுத்தவோ எண்ணம் இருந்திருக்க வேண்டும், அது சட்டவிரோதமாக இருக்க வேண்டும். போரில் கொல்லப்படுவது இதில் வராது. போலீஸ் சட்டப்படி சுட்டதாக ஏற்கப்பட்டாலும் வராது. எது ‘சட்டப்படி’ என்று முடிவு செய்வது பெரும்பாலும் அந்தந்த நாட்டு அரசே என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இந்த எண்ணிலும் ஓட்டைகள் உண்டு. ஜப்பான் போலீஸ் ஆண்டுக்குச் சுமார் 900 கொலை வழக்குகள் என்று அறிவிக்கும். அதில் கொலை முயற்சியும் அடக்கம். உயிர் போனது அதைவிட மிகக் குறைவு. நம் நாட்டில் இதற்கு நேர்மாறாக, எண்ண வேண்டியவை வெளியே நிற்கின்றன. வரதட்சணைச் சாவு தனித் தலைப்பு. 2022ல் மட்டும் 6,450 வழக்குகள். இதைக் கொலையோடு சேர்த்தால் நாட்டின் விகிதம் 2.1ல் இருந்து 2.5ஐ எட்டும். அடுப்பில் வெந்து செத்த ஒரு பெண் எந்த அட்டவணையில் விழுகிறாள் என்பதைப் பொறுத்து நாட்டுக்குக் கிடைக்கும் பெயர் மாறுகிறது என்பது சாதாரண விஷயமில்லை.

கடலில் நடக்கும் சாவு இன்னும் சிக்கல். 2017 மார்ச்சில் தங்கச்சிமடத்தைச் சேர்ந்த இளம் மீனவர் ஒருவர் கச்சத்தீவுப் பக்கம் சுடப்பட்டு இறந்தார். தாங்கள் சுடவில்லை என்று இலங்கைக் கடற்படை மறுத்தது. கொலையை எண்ணுவது சம்பவம் நடந்த இடத்தை வைத்து. செத்தவரின் ஊரை வைத்து இல்லை. எல்லைக்கோட்டுப் பக்கம் நடந்த ஒரு சாவில், எங்கே நடந்தது என்பதே தகராறாக இருந்து, ஒரு நாடு ‘எங்கள் ஆள் செய்யவில்லை’ என்று சொல்லி வழக்கும் பதியாவிட்டால், அந்த நாட்டுக் கணக்கில் அப்படி ஒரு சாவே இருக்காது. தங்கச்சிமடத்துக்காரர்களுக்கு அது கொலை. எந்த ஒப்பீட்டுப் பட்டியலும் அந்த வார்த்தையைச் சொல்லப் போவதில்லை.

நம் ஸ்டேஷன் கணக்கு எங்கே கசிகிறது?

உலகக் கணக்கெல்லாம் கடைசியில் ஒரு ஸ்டேஷன் ரைட்டரின் மேஜையில்தான் பிறக்கிறது. அந்த மேஜையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும்.

முதலாவது, சி.எஸ்.ஆர்., அதாவது சமூகப் பணிப் பதிவேடு. புகார் கொடுக்கப் போனால் எஃப்.ஐ.ஆர். போடாமல் சி.எஸ்.ஆர். எண் எழுதிய ஒரு ரசீதைக் கையில் கொடுத்து அனுப்புவது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை. அப்புறம் இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள், ‘இனி பிரச்சினை செய்ய மாட்டோம்’ என்று எழுதி வாங்குவார்கள், முடிந்தது. கைது செய்வதற்குரிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனாலும் ரசீது தொடர்கிறது. சி.எஸ்.ஆரோடு நின்றுபோன அடிதடியும் மிரட்டலும் குற்றப் புள்ளிவிவரத்தில் ஏறுவதில்லை. இங்கிலாந்தில் ஒரு மிரட்டல் செய்தி கூட வன்முறைக் கணக்கில் சேரும்போது இங்கே அரிவாளை ஓங்கிக்கொண்டு வந்ததே ரசீதாக நின்றுவிடக்கூடும்.

இரண்டாவது, ‘174 போடுவது’. கரை ஒதுங்கிய உடல், கிணற்றில் கிடந்த உடல், தூக்கில் தொங்கிய உடல் எல்லாம் முதலில் சந்தேக மரணமாகத்தான் பதிவாகும். பழைய சட்டத்தில் பிரிவு 174. 2024 ஜூலைக்குப் பிறகு புதிய நடைமுறைச் சட்டத்தில் 194. பிரேதப் பரிசோதனை, உள்ளுறுப்புப் பரிசோதனை அறிக்கை வந்த பிறகு கொலை என்று தெரிந்தால் பிரிவை மாற்ற வேண்டும். கடல் தின்ற உடலில் காயத்தைப் படிப்பது எளிதில்லை. விசாரணை சோர்ந்துபோனால் அந்தச் சாவு 174லேயே தங்கிவிடும்.

மூன்றாவது, ஆஸ்பத்திரி தூரம். இதைப் பற்றி ஒப்பீட்டுப் பட்டியல் போடுகிறவர்கள் யாரும் பேசுவதில்லை. ஒருவர் வெட்டுப்பட்டுப் பிழைத்துக்கொண்டால் கொலை முயற்சி, பிரிவு 109, பழைய 307. இறந்துவிட்டால் கொலை, பிரிவு 103, பழைய 302. வெட்டியவன் அதே ஆள், அரிவாளும் அதே அரிவாள். நடுவில் இருப்பது ரத்தம் போகும் நேரம். ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தது 2022 ஜனவரியில். அதற்கு முன் பெரிய காயம் என்றால் மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கு ரெஃபர் என்பதுதான் வழக்கம். ராமேஸ்வரத்தில் இருந்து சுமார் 170 கிலோமீட்டர். அமெரிக்காவில் 2002ல் வெளியான ஓர் ஆய்வு, 1960களுக்குப் பிறகு அவசர சிகிச்சை முன்னேறியிருக்காவிட்டால் அந்த நாட்டின் கொலை எண் பல மடங்கு ஏறியிருக்கும் என்று கணித்தது. நல்ல ஆம்புலன்ஸும் ரத்த வங்கியும் உள்ள நாட்டின் குறைந்த கொலை விகிதத்தில் டாக்டரின் பங்கும் இருக்கிறது. அதை முழுக்க லத்தியின் பெயரில் எழுதக் கூடாது.

காவல் முறைகள்: யார் என்ன செய்தார்கள்?

இங்கிலாந்தின் ராபர்ட் பீல் 1829ல் லண்டன் மாநகரப் போலீஸைத் தொடங்கினார். துப்பாக்கி இல்லாமல், மக்களின் ஒப்புதலோடு காவல் என்பது அதன் அடிப்படை. இன்றும் அங்கே பெரும்பாலான போலீஸாரிடம் துப்பாக்கி கிடையாது. அதே பீல் அதற்கு முன்பே அயர்லாந்தில் ஓர் ஆயுதப்படையை உருவாக்கியிருந்தார். அடங்காத குடியானவர்களை அடக்கி வைப்பது அதன் வேலை. காலனிகளுக்கு வந்தது லண்டன் மாதிரி இல்லை, அயர்லாந்து மாதிரி. மதராஸ் மாகாணத்துக்கு 1859லேயே தனிப் போலீஸ் சட்டம், மற்ற பகுதிகளுக்கு 1861ல், சிலோனில் 1866ல் போலீஸ் படை. பாக் நீரிணையின் இரு கரைக்கும் ஒரே வேர். இரு கரையிலும் ஸ்டேஷன் வாசல்படி ஏறச் சாதாரண ஆள் தயங்குவதன் பழைய காரணம் இங்கே இருக்கிறது.

ஜப்பான் வேறு வழியில் போனது. 1870களில் இருந்து தெருமுனைக்கு ஒரு சின்னக் காவல் கூடம், ‘கோபன்’ என்பார்கள். அங்கே இருக்கும் காவலர் வீடு வீடாகப் போய் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்து வைத்திருப்பார். வழி கேட்பது, தொலைந்த பர்ஸைத் தேடுவது, பக்கத்து வீட்டுச் சத்தத்தைச் சொல்வது எல்லாம் அங்கேதான். சிங்கப்பூர் இதைப் பார்த்து 1983ல் தோ பாயோவில் அக்கம்பக்கக் காவல் நிலையத்தைத் தொடங்கியது. சிங்கப்பூர் என்றதும் நம் ஊரில் தூக்கும் பிரம்படியும்தான் பேச்சு. இந்தத் தெருமுனைக் காவல் நிலையத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இந்த வழியை ராமநாதபுரமும் நடந்து பார்த்திருக்கிறது. ‘போலீஸ் நண்பர்கள் குழு’ 1993ல் இந்த மாவட்டத்தில்தான் பிறந்தது; அப்போது இங்கே எஸ்.பி.யாக இருந்த பிரதீப் பிலிப் தொடங்கியது. ஊர் இளைஞர்களை ஸ்டேஷனோடு இணைத்து, மக்களுக்கும் போலீஸுக்கும் இடையில் உள்ள பயத்தைக் குறைப்பது நோக்கம். பிறகு மாநிலம் முழுக்கப் பரவியது. 2020ல் சாத்தான்குளம் காவல் மரணங்களில் இந்தத் தன்னார்வலர்களுக்கும் பங்கு இருந்ததாகப் புகார் எழ, அந்த ஜூலையில் அரசு குழுவைத் தடை செய்தது. மக்கள் பக்கம் நின்று போலீஸைக் கேள்வி கேட்கும் பொறுப்பை இந்த இளைஞர்களுக்கு யாரும் கொடுக்கவில்லை. ஸ்டேஷனுக்குக் கூடுதல் கையாக நிற்பதற்கு மட்டும் இடம் இருந்தது. எங்கே பழுது என்றால் என் கணிப்பில் இங்கேதான்.

எதிர்த் திசையில் மத்திய அமெரிக்காவின் எல் சால்வடோர். 2015ல் அதன் கொலை விகிதம் 100ஐத் தாண்டியிருந்தது. 2022 மார்ச்சில் அவசரநிலை அறிவித்து, குற்றக் கும்பலைச் சேர்ந்தவர்கள் என்று 80,000க்கு மேற்பட்டோரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். 2024ல் அரசு சொன்ன விகிதம் 2க்கும் கீழே. வாட்ஸ்அப் பட்டியலின் நாயகன் இந்த நாடுதான். அந்த மக்கள் நிம்மதியாக மூச்சு விடுகிறார்கள் என்பது உண்மை. கும்பல்களுக்கு மாமூல் கட்டி வாழ்ந்தவர்களின் நிம்மதியை யாரும் சின்னதாக நினைக்கக் கூடாது. ஆனால் மூன்று விஷயங்களை அதோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

1. 2015க்கும் 2021க்கும் இடையிலேயே விகிதம் 100ல் இருந்து 20க்குக் கீழ் இறங்கிவிட்டது. பெரிய சரிவு அவசரநிலைக்கு முன்பே நடந்தது.

2. பாதுகாப்புப் படையோடு மோதலில் செத்தவர்களையும், அடையாளமில்லாத குழிகளில் கிடைத்த உடல்களையும் அரசு கொலைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

3. 80,000 என்பது அந்த நாட்டில் நூற்றுக்கு 1.3 பேர். நம் மாவட்ட அளவுக்குக் கொண்டுவந்தால் 17,000 பேர் சிறையில். ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரை நிரபராதிகள் என்று பின்னால் அரசே விடுவித்தது. கமுதி, சாயல்குடி, முதுகுளத்தூர் பக்கம் ஓர் இரவில் ஆள் பிடித்தால் எந்தத் தெருவில் இருந்து அதிகம் பிடிப்பார்கள் என்று இந்த மாவட்டத்தின் சாதி வரலாறு தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இலங்கையும் 2023 டிசம்பரில் ‘யுக்திய’ என்ற பெயரில் போதைப்பொருளுக்கு எதிராக நாடு தழுவிய வேட்டை நடத்தியது. சில வாரங்களில் பல்லாயிரம் பேர் கைது. ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் நிறுத்தச் சொன்னார்கள். அதன் பிறகும் 2025 பிப்ரவரியில் கொழும்பில் நீதிமன்றக் கூண்டில் நின்ற ஒருவரை வழக்கறிஞர் உடையில் வந்தவர் சுட்டுக் கொன்றார். ஆள் பற்றாக்குறை என்றும் சொல்ல முடியாது. மக்கள்தொகைக்கு ஏற்பப் பார்த்தால் இலங்கையில் போலீஸார் இந்தியாவைப் போல் இரண்டு மடங்குக்கு மேல்.

இன்னொரு அனுபவம் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ. கத்திக்குத்தில் ஐரோப்பாவிலேயே மோசமான பெயர் எடுத்த நகரம். 2005ல் அங்கே போலீஸே வன்முறைக் குறைப்புப் பிரிவு என்று ஒன்றைத் தொடங்கியது. வன்முறையைத் தொற்றுநோய் மாதிரி பார்த்து, குத்துப்பட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கும் இளைஞனிடமே போய்ப் பேசினார்கள்; பழிக்குப் பழி வாங்கக் கிளம்பும் முன் வேலை, படிப்பு, போதை மீட்பு என்று வழி காட்டினார்கள். கத்தி வைத்திருந்தால் தண்டனையும் கடுமையானது. ஸ்காட்லாந்தின் கொலைகள் அன்றிருந்ததில் பாதிக்கும் கீழே வந்துவிட்டன. துப்பாக்கி இல்லாத, கத்தியும் அரிவாளும் உள்ள நமக்கு அமெரிக்காவை விடக் கிளாஸ்கோதான் பொருத்தமான பாடம். அமெரிக்காவில் 2021ல் கொலைகளில் ஐந்தில் நான்கு துப்பாக்கியால் நடந்தவை. அந்த நாட்டின் போலீஸ் முறையை நம்மோடு ஒப்பிடுவதில் பெரிய பயன் இல்லை.

எண் குறைந்தது போலீஸால்தானா?

நியூயார்க் நகரில் 1990ல் 2,200க்கு மேல் கொலைகள். 2017ல் 300க்கும் குறைவு. சின்னக் குற்றத்தையும் விடாமல் பிடித்த கெடுபிடிதான் காரணம் என்று பெயர் வாங்கியது. அதே காலத்தில் அப்படி எதுவும் செய்யாத பல அமெரிக்க நகரங்களிலும், எல்லை தாண்டிக் கனடாவிலும் குற்றம் இறங்கியது. பக்கத்து வீட்டிலும் காய்ச்சல் தானாக இறங்கியிருந்தால் மருந்துக்கு முழுப் பெயரும் கொடுக்க முடியாது.

தூக்குத் தண்டனைக்கும் இப்படி ஒரு சோதனை உண்டு. சிங்கப்பூர் தூக்கில் போடுகிறது. ஹாங்காங் 1966க்குப் பிறகு யாரையும் தூக்கில் போடவில்லை, 1993ல் சட்டத்தில் இருந்தே எடுத்துவிட்டது. இரண்டும் துறைமுக நகரங்கள், நெருக்கமாக மக்கள் வாழும் பணக்கார நகரங்கள். இரண்டு இடத்திலும் கொலை விகிதம் ஏறக்குறைய ஒரே மாதிரி இறங்கியது.

வளைகுடா நாடுகளில் விஷயமே வேறு. அங்கே இருப்பவர்களில் பெரும் பகுதி நம்மைப் போல் வேலைக்குப் போனவர்கள். மருத்துவப் பரிசோதனை, விசா, சில வேலைகளுக்குப் போலீஸ் கிளியரன்ஸ் என்று வடிகட்டித்தான் உள்ளே விடுகிறார்கள். ஏதாவது நடந்தால் வேலை போய் ஊருக்குத் திருப்பி அனுப்பப்படுவோம் என்ற பயம் தினமும் உண்டு. வேலையில்லாமல் டீக்கடையில் உட்கார்ந்து பழைய பகையைப் பேசிக்கொண்டிருக்க அங்கே விசா கிடைக்காது. கீழக்கரைக்காரர் துபாயில் சண்டை போடுவதில்லை என்றால் அவர் ஊரில் இருக்கும்போதும் பெரும்பாலும் சண்டை போடாதவராகத்தான் இருப்பார்.

கொலைக்கு முந்தைய மாதங்கள்

2022ல் இந்தியாவில் நடந்த கொலைகளில் 9,962 தகராறு காரணமாக, 3,761 முன்விரோதம் காரணமாக என்கிறது ஆவணக் காப்பகம். மொத்தத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. தகராறும் முன்விரோதமும் திடீரென்று முளைப்பவை இல்லை. வரப்புத் தகராறு, கொடுக்கல் வாங்கல், படகு நிறுத்தும் இடம், கோயில் முதல் மரியாதை, காதல் திருமணம் என்று பல மாதம் புகைந்துகொண்டிருக்கும். ஊருக்கே தெரியும். பல நேரம் ஸ்டேஷனுக்கும் தெரியும், சி.எஸ்.ஆர். ரசீது வடிவில்.

இங்கேதான் எண்ணும் பிரச்சினையும் காவல் முறைப் பிரச்சினையும் ஒரே இடத்துக்கு வருகின்றன. புகாரைப் பதிவு செய்யாத ஸ்டேஷன் கணக்கையும் தவறவிடுகிறது, கொலையைத் தடுக்கும் கடைசி வாய்ப்பையும் தவறவிடுகிறது. கைதானவர் ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்து’ கையில் மாவுக்கட்டோடு நிற்கும் படத்தைப் பார்த்துப் பலர் கைதட்டுகிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்த ஒரு தாய், தன் மகன் அரிவாள் வாங்கி வைத்திருக்கிறான் என்று ஸ்டேஷனில் போய்ச் சொல்வாளா? சொல்ல மாட்டாள். கோபனிலும் கிளாஸ்கோவிலும் வேலை செய்தது அந்தத் தாய் பேசக்கூடிய சூழல்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இந்த மாவட்டத்தில் போலீஸ் பலம் எல்லோர் கண்ணிலும் படுவது செப்டம்பர், அக்டோபரில். செப்டம்பர் 11 பரமக்குடி இமானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 30 பசும்பொன் தேவர் ஜெயந்தி. தடை உத்தரவு, வெளிமாவட்டங்களில் இருந்து ஆயிரக்கணக்கில் போலீஸ், சாலை முழுக்கத் தடுப்பு. 1957 முதுகுளத்தூர் சாதிக் கலவரத்தையும், 2011 பரமக்குடியில் துப்பாக்கிச் சூட்டில் ஆறு பேர் இறந்ததையும் வைத்துப் பார்த்தால் இந்த எச்சரிக்கைக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் இது கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் அயர்லாந்து வேலை. மீதிப் பத்து மாதத்தில் ஊருக்குள் நடக்கும் புகைச்சலுக்கு இது மருந்தில்லை. கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் கண்ணும் கடத்தல், ஊடுருவல் மேல்தான்.

என்ன கேட்கலாம்?

அடுத்த முறை ஒப்பீட்டுப் பட்டியல் வந்தால் அனுப்பியவரிடம் கேட்க வேண்டியவை:

1. இது கொலை விகிதமா, மொத்தக் குற்றமா? மொத்தம் என்றால் மேலே படிக்க வேண்டாம்.
2. ஓர் ஆண்டா, பல ஆண்டா?
3. போலீஸ் கையால் நடந்த சாவு இதில் உண்டா?
4. அதே மாற்றத்தைச் செய்யாத பக்கத்து நாட்டில் என்ன நடந்தது?

நம் மாவட்டத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள இதைவிடப் பயனுள்ள மூன்று எண்கள் உண்டு. ஓராண்டில் எத்தனை சி.எஸ்.ஆர். போடப்பட்டது, அதில் எத்தனை எஃப்.ஐ.ஆர். ஆனது; எத்தனை சந்தேக மரணம் பதிவானது, அதில் எத்தனை கொலையாகப் பிரிவு மாறியது; கொலையான வழக்குகளில் எத்தனைக்கு முன்பே ஸ்டேஷனில் புகார் இருந்தது. மூன்றுக்குமான பதிவேடு ஸ்டேஷன்களில் இருக்கிறது. 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாவட்டக் காவல் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு மனு எழுதினால் 30 நாளில் பதில் தர வேண்டும். இலங்கையிலும் 2016ல் இருந்து தகவல் அறியும் சட்டம் இருக்கிறது. மன்னாரில் உறவு உள்ளவர்கள் இதே கேள்விகளை அங்கேயும் கேட்கச் சொல்லலாம். இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரு கரையையும் நியாயமாக ஒப்பிடும் முதல் பட்டியல் அதுவாக இருக்கும்.